மடற்குழுவா? புலனக் குழுவா?



"மின்னஞ்சலெல்லாம் பழைய காலத்துக் கருவி ஐயா. புலனத்தில் ஒரு குழுவைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது."

தமிழ்ப்பள்ளிகளில் கணினிப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கென்று ஒரு பொதுக் குழு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாக்கியமும் உடன் எழுகின்றது. சொல்பவர் பெரும்பாலும் இளையர், நல்ல உழைப்பாளி, பள்ளி முடிந்தபின்னும் கணினி அறையில் தனியாக அமர்ந்து கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருப்பவர். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் வந்தடைகின்ற முடிவின்மீதுதான் வருத்தம். தொழில்நுட்ப ஐயங்களைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் ஒரு குழுவுக்கு வாட்ஸ்அப் என்னும் புலனமோ டெலிகிராமோ முதன்மை இடமாக இருத்தல் கூடாது. மின்மடற்குழுவே அந்த இடத்தில் இருக்க வேண்டும். இஃது என் உறுதியான கருத்து. மறுப்புடையோர் மறுக்கலாம். ஆனால், காரணங்களைக் கேட்டுவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.

மடற்குழுவைப் பயன்படுத்தியறியாத பெற்றோருக்காக ஒரு சிறு விளக்கம். குழுவுக்கென ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு ஒருவர் மடல் எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் சென்று சேரும். மறுமொழியும் அவ்வாறே. எல்லா மடல்களும் ஒரு தொகுப்பில் நாள்வாரியாகச் சேர்ந்துகொண்டே போகும். அவ்வளவுதான். படங்களும் மணியோசையும் இல்லாத எளிய ஏற்பாடு.

இப்போது ஒரு நடப்பைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இணையப் புதிர்ப்போட்டியில் "ஆத்திசூடியை இயற்றியவர் யார்?" என்ற வினாவுக்கு ஒளவையார் என்று தட்டச்சு செய்தாள். தவறு என்று வந்தது. விடைப்பட்டியலில் இருந்ததோ ஔவையார். பெற்றோருக்குச் சினம், ஆசிரியைக்குக் குழப்பம், பிள்ளைக்குக் கண்ணீர். இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது.

கணினிக்கு அவை வேறுவேறு. ஒருங்குறியில் ஔ என்பது தனி ஓர் எழுத்து. அதற்கென ஒரு தனி எண் உண்டு. அந்தப் பிள்ளை தட்டியதோ ஒ என்ற உயிரெழுத்தையும் ள என்ற உயிர்மெய்யையும். அஃதாவது ஓர் எழுத்துக்கு மாறாக ஈரெழுத்து. ஔகாரத்தின் பின்பகுதியாக நிற்கும் குறி ள போலவே தோற்றம் தந்தாலும் ஒருங்குறியில் அதற்கு வேறோர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒகரத்தோடு அந்தக் குறியைச் சேர்த்தால் அதனை ஔவுக்கு நிகராகக் கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. ளகரத்தைச் சேர்த்தால் அந்த விதி பொருந்தாது. கௌ, மௌ, வௌ ஆகியவற்றுக்கும் இதே நோய் உண்டு. கொ என்ற எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கின்றது: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம்; கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம். இரண்டும் நிகர் என்று ஒருங்குறி சொன்னாலும், ஒப்பிடுமுன் அவற்றை ஒருவடிவாக்காத மென்பொருள் வேறுவேறு என்றே கொள்ளும். தீர்வு எளியது. புதிர் அமைக்கும் ஆசிரியர் இரு வடிவங்களையும் சரியான விடையாகச் சேர்த்துவிட வேண்டும்; அத்துடன், ஔகாரத்தை எந்த விசையில் தட்டுவது என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் காட்டிவிட வேண்டும்.

இந்த விளக்கத்தை எங்கள் வட்டாரப் புலனக் குழுவில் ஒருவர் ஏற்கெனவே தந்திருந்தார். மென்பொருள் துறையில் பணிபுரியும் ஒரு தந்தை. மூன்று நிமிடக் குரற்பதிவாகவும் ஒரு திரைப்படியாகவும் மிகச் செம்மையாகத் தந்திருந்தார். அதன் மேலே ஒரு பிறந்தநாள் வாழ்த்து. கீழே மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை. அதன் கீழே காணாமற்போன நீர்ப்புட்டி ஒன்றின் படம். பிறகு நாற்பது நன்றிகளும் கைகூப்பிய படங்களும். சில வாரங்களுக்குப் பின்னர் வேறொரு பள்ளியில் இதே சிக்கல் எழுந்தது. அந்தக் குரற்பதிவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. குரலைச் சொல் கொண்டு தேட முடியாது, திரைப்படியையும் அவ்வாறே. அந்தத் தந்தை மீண்டும் ஒருமுறை விளக்கினார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் விடையே சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

நாம் சரியான ஆளைக் கண்டோம். சரியான விடையையும் பெற்றோம். அதை வைக்க இடமில்லாத ஓரிடத்தில் கேட்டோம். அதுதான் நடந்தது.

மடலுக்கு ஒரு தலைப்பு உண்டு. "இணையப் புதிரில் ஔ எழுத்துச் சிக்கல்" என்று தலைப்பிட்டு எழுதிவிட்டால் ஐந்தாண்டு கழித்தும் அதே தலைப்பின்கீழ் வினாவும் விடையும் மறுப்பும் திருத்தமும் சேர்ந்தே இருக்கும். இதற்கு அடியில் ஓர் எளிய பொறிமுறை இயங்குகின்றது. ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளக் குறி ஒன்று இடப்படுகின்றது. மறுமொழி எழுதும்போது எந்த மடலுக்கு மறுமொழி என்ற குறிப்பும் உடன் செல்கின்றது. ஆகவே பத்து வினாக்கள் ஒரே நாளில் வந்தாலும் பத்து இழைகளாகப் பிரிந்து நிற்கும். அரட்டையிலும் ஒருவர் சொன்னதைச் சுட்டி மறுமொழி தரலாம் என்பதை அறிவேன். ஆனால் எத்தனை பேர் சுட்டுகிறார்கள்? "ஆமாம், அதேதான்" என்று ஒருவர் எழுதுகிறார். எது அதேதான்? முந்தைய வினாவா, அதற்கும் முந்தையதா, நீர்ப்புட்டியா?

தமிழ் கணினிக்குள் வந்த வரலாற்றில் மடற்குழுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இளைய ஆசிரியர்கள் இதனை அறிந்துகொள்வது நன்று. அதில் நம் நாட்டவரின் பங்கும் சிறிதன்று. மலேசியரான பாலா பிள்ளை 1990களின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட் மடற்குழுவைத் தொடங்கினார். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை நிறுவிக்கொண்டு உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் அதில் தமிழிலேயே மடல் எழுதினார்கள். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டுக்குப் பின்னர், ஆளுக்கொரு குறியீட்டு முறை என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்கத் தன்னார்வலர்கள் மடல் வழியே வாதாடித் திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் மடல்களால் இயங்கியதே. ஒருவர் ஒரு நாட்டில் தட்டச்சு செய்வார். இன்னொருவர் வேறொரு நாட்டில் பிழை திருத்துவார். 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு பிறந்தது. மறு ஆண்டு கோலாலம்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது.

இவர்கள் ஏன் அரட்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை? அரட்டை அப்போது இல்லாமல் இல்லை. ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டை 1988இலேயே பின்லாந்தில் தோன்றிவிட்டது. சுவிட்சர்லாந்தில் இருப்பவர் விழித்திருக்கும்போது அமெரிக்காவில் இருப்பவர் உறங்குவார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு மேலும் பெரிதாகத் தோன்றுகின்றது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது உடனுக்குடன் சொல்லும் விடையன்று. மறுப்பவர் ஓர் இரவு சிந்திக்க வேண்டும். அட்டவணை போட்டுப் பார்க்க வேண்டும். எழுதியதை அழித்து மீண்டும் எழுத வேண்டும். மடல் அதற்கு இடம் தருகின்றது. அரட்டையில் முதலில் விடை சொன்னவரே வென்றவர். வகுப்பு முடிந்து பிற்பகலில் கைப்பேசியைத் திறக்கின்ற ஆசிரியர், அந்த விடை தவறு என்று அறிந்தாலும், பேச்சு வேறெங்கோ போய்விட்டதைக் கண்டு வாய்மூடிக் கொள்கிறார். இஃது எத்தனை முறை நடந்திருக்கின்றது என்று உங்கள் குழுக்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வெளியுலகத்தையும் பார்ப்போம். லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் இன்றளவும் மடற்குழுக்களில்தான் நிரல் திருத்தங்களை அனுப்பி விவாதிக்கின்றனர். அந்த மடல்களை எவரும் இணையத்தில் படிக்கலாம். பைத்தான் மொழியின் உருவாக்குநர்கள் 2022இல் தங்கள் முதன்மை மடற்குழுவை விட்டு வேறிடம் சென்றார்களே என்று சிலர் கேட்கலாம். சென்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கே சென்றார்கள்? தலைப்பு வாரியாக உரையாடல் சேமிக்கப்படுகின்ற, எவரும் தேடிப் படிக்கத்தக்க ஒரு விவாதக் களத்திற்கு. விரைந்து பேசும் அரட்டை அறைக்குள் தங்கள் முடிவுகளைக் கொண்டுபோய் வைக்கவில்லை.

அரட்டைச் செயலிகளின் நினைவாற்றல் எத்தகையது என்பதற்கு ஸ்லாக் ஓர் எடுத்துக்காட்டு. கட்டணம் செலுத்தாத குழுக்களுக்கு முன்பு பத்தாயிரம் செய்திகள் வரை காட்டியது. 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகளை மட்டும் காட்டுவதென்று மாற்றியது. 2024 ஆகஸ்டு முதல், ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை அழித்துவிடுவதென்றும் முடிவெடுத்தது. அது வணிக நிறுவனம். அதன் முடிவு அதன் உரிமை. ஆயினும் நம் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்க்கும் பட்டறிவைப் பிறர் கைச்சாவியில் பூட்டி வைக்கலாமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

புலனத்தின் குறை வேறு வகையானது. புதிதாகச் சேர்கின்ற ஆசிரியருக்கு அந்தக் குழுவின் பழைய உரையாடல் முழுமையாகக் கிடைப்பதில்லை. தோட்டப்புறப் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வருகின்ற ஓர் இளம் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். கணினிப் பொறுப்பு அவரிடம் தரப்படுகின்றது. குழுவில் சேர்க்கிறார்கள். அவருக்குக் கிட்டுவது, வந்த நாளின் வணக்கங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய தேர்வுத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றுவது எப்படி, டெலிமாவில் மாணவர் கடவுச்சொல் மறந்துபோனால் என்ன செய்வது என்றெல்லாம் அந்தக் குழு பலமுறை பேசித் தீர்த்திருக்கும். அவர் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். "இதையெல்லாம் போன வருசமே பேசியாச்சு டீச்சர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார். டெலிகிராம் குழுவில் பழைய செய்திகளைப் புதியவரும் காணும்படி செய்யலாம் என்பது உண்மை. ஆனால், தலைப்பில்லாத பல்லாயிரம் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படிக்க யாருக்குப் பொழுது இருக்கின்றது?

பெற்றோர் கேட்கலாம்: ஆசிரியர்களின் குழுவைப் பற்றி எங்களிடம் ஏன் சொல்கிறீர்? உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அதில் இருக்கின்றது என்பதால் சொல்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. கணினித் துறையில் பணிபுரியும் பெற்றோர் பலர் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாக உதவ முன்வருகிறார்கள். இரவு பத்து மணிக்கும் கைப்பேசி அலறினால் அந்த உதவி எத்தனை நாள் நீடிக்கும்? மடல் காத்திருக்கும். சனிக்கிழமை காலையில் தேநீர் அருந்திக்கொண்டு விடை எழுதலாம். நீலக்குறி விழுந்துவிட்டதே, பார்த்துவிட்டும் பதில் சொல்லவில்லையே என்ற மனத்தாங்கலுக்கு அங்கே இடமில்லை. ஆசிரியர்களுக்கும் இதே நன்மை. என் மனைவி இந்தப் பத்தியை மட்டும் முழுமனத்தோடு ஒப்புக்கொண்டார்.

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவானவற்றைப் பார்க்கிறேன்.

விரைவு என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்குத் தேர்வு. கணினி அறையில் இணையம் இல்லை. அப்போது மடல் எழுதிக்கொண்டிருப்பது மடமை. அதற்குப் புலனம் வேண்டும். தொலைபேசி அழைப்பு இன்னும் நன்று. ஆனால் நம் வினாக்களில் எத்தனை அத்தகையவை? பத்தில் ஒன்று இருந்தால் வியப்பு.

இளையர் மடல் எழுதுவதில்லை என்கிறார்கள். இது பாதி உண்மை. ஒவ்வோர் ஆசிரியருக்கும் டெலிமாவுக்கான மின்னஞ்சல் கணக்கு இருக்கின்றது. வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மடல் எழுதுகிறார்கள். எழுத முடியாதென்பதில்லை, நான்கு வரி ஒழுங்காக எழுத வேண்டியிருக்கின்றதே என்ற சலிப்புதான். அந்த நான்கு வரிதான் பெரும்பயன் தருகின்றது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன நேர்ந்தது என்று ஒருவர் எழுதத் தொடங்கினால், பாதி வேளைகளில் விடை அவருக்கே புலப்பட்டுவிடும். "சார், எழுத்து வரல" என்ற அரட்டை வரிக்கு என்ன விடை சொல்வது? அத்துடன், அரட்டையில் நம்மவர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தையும் பார்க்கிறோம். தமிழாசிரியர்களே அப்படி எழுதுகிறார்கள். மடலில் அமர்ந்து எழுதும்போது கை தானாகத் தமிழ் விசைமுகத்துக்குச் செல்கின்றது. இதை யான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

மடற்குழுக்களில் சண்டை மிகுதி என்கிறார்கள். ஐயமில்லை. குறியீட்டுச் சண்டைகள் நடந்தன. 2010இல் கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் சேர்ப்பது பற்றிய வழக்கு எழுந்தபோது தமிழ் மடற்குழுக்களில் அனல் பறந்தது. நட்புகள் முறிந்தன. ஆனால், அந்தச் சண்டைகள் எழுத்தில் நடந்தன; யார் எந்தச் சான்றைக் காட்டினார் என்று பின்னர் எடுத்துப் பார்க்க முடிந்தது. புலனத்தில் சண்டை வந்தால் "இன்னார் குழுவை விட்டு வெளியேறினார்" என்ற ஒரு வரிதான் எஞ்சும்.

கடைசி வாதம்தான் கடினமானது. மடற்குழுவும் அழியவில்லையா? அழிந்தது. தமிழ்க் குழுக்கள் பல இயங்கிய யாகூ குழுமங்கள் 2019 இறுதியில் பழைய உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தன. 2020 டிசம்பர் 15ஆம் நாள் அந்தச் சேவை முற்றாக மூடப்பட்டது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நடுத்தொகுப்பு அழிந்தாலும் ஒவ்வோர் உறுப்பினரின் அஞ்சற்பெட்டியிலும் ஒரு படி இருந்தது. வைத்திருந்தவர்களிடம் இன்றும் இருக்கின்றது. திஸ்கியில் எழுதிய பழைய மடல்கள் இன்றைய கணினியில் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. ஆனால் மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால் முழுமையாகப் படிக்கலாம். புலன உரையாடலையும் ஏற்றுமதி செய்யலாமே என்பார்கள். செய்யலாம். அந்தக் கைப்பேசியில் இருப்பது மட்டும் வரும்; குரற்பதிவுகளும் படங்களும் தனித்தனிக் கோப்புகளாய்ச் சிதறி வரும். எது எதற்கு விடை என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

எனவே, அமையவிருக்கும் குழுவுக்கு நான் முன்வைக்கும் ஏற்பாடு இது. கூகுள் குழுமங்களிலோ, மெயில்மேன் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவிய ஒரு வழங்கியிலோ மடற்குழுவைத் தொடங்குவோம். மாணவர் பெயரோ மதிப்பெண்ணோ மடலில் இடம்பெறாது என்பதை முதல் விதியாக வைத்து, தொகுப்பை எவரும் படிக்கும்படி திறந்து வைப்போம். புலனக் குழுவும் இருக்கட்டும், அவசரத்துக்கு மட்டும். அங்கே ஒரு வினாவுக்குப் பயனுள்ள விடை கிடைத்துவிட்டால், வினா கேட்டவரே அன்றிரவு அதனை நான்கு வரியில் எழுதி மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். விடை சொன்னவர்மீது அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார்.

ஒவ்வொரு தவணை இறுதியிலும் தொகுப்பின் முழுப்படியை இறக்கி, குறைந்தது மூன்று பள்ளிகளில் வைக்க வேண்டும். கூகுள் குழுமத்தின் உரிமையாளர் மடல்களை எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக்கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்; ஒரு விரலியில் அடங்கிவிடும். முதற்படியை வைத்திருக்கும் பொறுப்பை ஏற்க நான் அணியமாக இருக்கிறேன். இன்னும் இரண்டு பள்ளிகள் வேண்டும். ஒன்று வடக்கிலும் ஒன்று ஜொகூரிலும் இருந்தால் நன்று. விருப்பமுள்ள ஆசிரியர்கள், அருள்கூர்ந்து, எனக்கு மடல் எழுதுங்கள்.